செக் எஞ்சின் விளக்கு கடைசிவரை எரியவே இல்லை

டர்போ பெட்ரோல் கார் வைத்துக்கொண்டு ரீமேப் (பவர் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள், அவர்கள் செய்கிற விதம் தெரிந்தால் போதும்.

என்னுடையது 1.5 லிட்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ. ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆசை யாரை விட்டது? 30 சதவீதம் பவர் கூடும், மைலேஜும் ஏறும், எஞ்சின் ஆயுளுக்கு ஒன்றும் ஆகாது என்று பட்டறைக்காரர் அடித்துச் சொன்னார். லேப்டாப்பை ஓபிடி போர்ட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு பேசுகிற சாக்கெட்) செருகினார், முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடை) ஏற்றவில்லை, ஓட்டிப் பார்த்து டேட்டா லாக் (ஓடும்போது எஞ்சின் அளவீடுகளின் பதிவு) எடுக்கவில்லை, நான் என்ன ஆக்டேன் (தானாகப் பற்றாமல் தாங்கும் திறனின் எண்) பெட்ரோல் போடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

முதல் சில வாரம் நான் தரையிலேயே இல்லை. 1,800 ஆர்பிஎம்மிலேயே முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். அதுதான் வினை என்று அப்போது தெரியவில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, எகிற வைத்தால் ஓட்டுகிறவர் மயங்கிவிடுவார், ஆனால் பிஸ்டன் மெதுவாக நகருகிற அந்த நேரத்தில்தான் கலவை அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் நீண்ட நேரம் கிடக்கும், தானாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம், கனெக்டிங் ராடின் மேல் விழும் அடியும் அப்போதுதான் பெரிது.

நாலாவது மாதம், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நீளமான ஏற்றம் ஒன்றில் மூன்றாவது கியரில் மிதித்தபோது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். இரண்டு விநாடிதான் இருக்கும். பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். "செக் எஞ்சின் லைட் எரியுதா சார்? எரியலையா, அப்ப ஒண்ணுமில்ல, தைரியமா ஓட்டுங்க" என்றார். நானும் நம்பினேன். விளக்கு எரியவில்லையே, வேறென்ன வேண்டும்?

அப்புறம் ஆயில் குறைய ஆரம்பித்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, ஐடிலில் நடுக்கம். வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி டார்ச் அடித்து ஒன்றை மட்டும் என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், நடுவே ஊசிமுனை அளவுக்கு வெள்ளியாகச் சில மினுக்குகள். "மினுக்குறது உங்க பிஸ்டன் சார், அலுமினியம் உருகி வந்து ஒட்டியிருக்கு" என்றார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தால் மற்ற சிலிண்டர்கள் 12 பார் காட்ட, அந்தப் பிளக் இருந்த சிலிண்டர் 7. பிரித்துப் பார்த்ததில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கிற பிஸ்டன் விளிம்பு ஒரு துண்டாகப் பெயர்ந்திருந்தது.

இசியுவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) இருந்த பைலையும் அவர் எடுத்துப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். நாக்கிங் (கலவை தானாகப் பற்றி வெடிப்பது, நான் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான்) வந்தால் சென்சார் கேட்டு இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றும் அல்லவா, அந்த இழுக்கும் அளவை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். நாக்கிங் தொடர்பான பிழைக் குறியீடுகளையே அணைத்து வைத்திருக்கிறார்கள். விளக்கு எப்படி எரியும்? முழு லோடில் (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது) சூட்டைத் தணிக்கக் கூடுதலாக ஊற்ற வேண்டிய பெட்ரோலையும் தாமதப்படுத்தியிருக்கிறார்கள், மைலேஜ் ஏறும் என்று சொன்னது இதை வைத்துத்தான் போல. டைமிங் எண்களோ 98 ஆக்டேனை நம்பி எழுதிய மாதிரி இருக்கிறது என்றார். நான் போட்டுக்கொண்டிருந்தது அதைவிடக் குறைந்தது.

பட்டறைக்காரரிடம் கேட்டால் பெட்ரோல் மோசம், நீங்கள் மிதித்து ஓட்டியிருப்பீர்கள் என்று கதை. சரி, ஒரிஜினல் பைலையாவது கொடுங்கள் என்றால் எடுத்து வைக்கவில்லையாம். கம்பெனி வாரண்டியும் போயிற்று. எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற கணக்கு இசியுவிலேயே பதிவாகியிருந்தது, மறைக்க வழியில்லை.

எஞ்சினை முழுதாகக் கட்டிய பிறகு இந்த மெக்கானிக் கையாலேயே மறுபடியும் டியூன் செய்தேன், ஆமாம், புத்தி வரவில்லை. ஆனால் வேலையில் வித்தியாசம் தெரிந்தது. முதலில் பெரிய இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது). சின்ன டர்போவை அதன் அளவுக்கு மேல் சுழற்றினால் காற்று கூடுவதைவிடச் சூடுதான் கூடும் என்று பூஸ்டை அளவோடு நிறுத்தினார். 2,500 ஆர்பிஎம் வரை டார்க்கை (எஞ்சினின் முறுக்கு விசை) அடக்கி வைத்தார். பிளக் ஒரு படி குளிர்ச்சியானது (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது), இடைவெளி கொஞ்சம் குறைவு. ஒரு டிகிரி டைமிங் மாற்றுவார், ஓட்டுவார், சிலிண்டர் சிலிண்டராக நாக்கிங் லாக் பார்ப்பார், வெயில் நேரத்துக்கென்று கொஞ்சம் மிச்சம் விடுவார். இரண்டு நாள் ஆயிற்று. கூடியது 15 சதவீதம் பவர்தான். ஆயில் மட்டும் இப்போது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

நீங்கள் போகிற இடத்தில் ஒரிஜினல் பைலின் நகலை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள், வேலை முடிந்ததும் முழு லோடில் எடுத்த லாக்கைக் கேளுங்கள். "லாக் எதுக்கு சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முதல் பட்டறைக்காரர் என்னிடமும் அதையேதான் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.