சவரக்கத்தி தீட்டுற பழைய கல்லு ரெண்டு, எது ஒசத்தி?

ஹட்டன்ல ஒரு பழைய சாமான் கடையில போன மாசம் ஒரு கல்லு கெடச்சிச்சு, 4500 ரூபா, எண்ணெய் அழுக்கு ஏறி கறுப்பா கெடந்திச்சு, வீட்டுக்கு கொண்டாந்து சோப்பு போட்டு கழுவுனா மேல கிரீம் மஞ்சள், அடியில நீலச் சாம்பல், பெல்ஜியம் ஆர்டென் மலைக் கல்லு கோட்டிக்யூல்னு அப்பவே வெளங்கிரிச்சு! உள்ள பொடிப்பொடியா இருக்க கார்னெட்ங்குற கெட்டியான கனிமம் தான் இரும்ப அறுக்குது. தண்ணி விட்டு சின்னக் கல்லால ஒரசுனா பால் மாதிரி வரும், அதுல கத்திய ஓட்டுனா சீக்கிரம் கூர் புடிக்குது, பெறகு கொஞ்சங்கொஞ்சமா தண்ணி சேர்த்து அந்தப் பால இளக்கி கடைசியில வெறுந் தண்ணியில முடிக்கணும்.

தாத்தா சலூன்ல வச்சிருந்த ஜெர்மனி துரிங்கியன் கல்லும் என்கிட்ட இருக்கு. மெதுவா தான் அறுக்கும், ஆனா கடைசிப் பதம்னா அது தான், இன்னைக்கு விடியக்காலம் இந்தக் குளிர்ல பச்சத் தண்ணியில வழிச்சும் தாடையில எரிச்சலே இல்ல. என் மனசு அதுக்கு தான்.

கோட்டிக்யூல் ஓரத்துல வெடிப்பு ஒன்னு இருந்திச்சு, கடையில சொல்லல. வாங்குறவங்க நகத்தால தடவிப் பார்த்து வாங்குங்க, அதுல மாட்டுனா கத்தி வாய் சில்லு போயிரும்.