நாங்கள் ரெண்டு பேரும் ஒரு சீனியர் பாலிசியும்

மகன் பெங்களூரு, மகள் டொராண்டோ. மதுரை வீட்டில் நானும் இவளும்தான். மூணு வருஷமாக ஒரு சீனியர் சிட்டிசன் மருத்துவக் காப்பீட்டு பாலிசி வைத்திருக்கிறோம். கம்பெனி பெயர் வேண்டாம்.

போன ஐப்பசியில் இவளுக்குக் கண்புரை ஆபரேஷன். பில் 62,000. கண்புரைக்குப் பாலிசி உச்சவரம்பு 40,000, அதிலும் 20 சதவீதம் கோ-பே, அதாவது நாமே கட்ட வேண்டிய பங்கு. ஆக, கையை விட்டுப் போனது 30,000. இந்த ரெண்டையும் பற்றி ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. டிஸ்சார்ஜ் கேட்ட 3 மணி நேரத்துக்குள் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும் என்பது 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட விதி. கண்ணில் கட்டோடு காலை பத்துக்கு உட்கார்ந்தவள் எழுந்தது மாலை நாலரைக்கு. இட்லிப் பொட்டலம்கூடக் காய்ந்துவிட்டது.

ஆனால் ஒன்று. நடந்தால் புதுப்பிக்கும்போது தள்ளுபடி என்று ஒரு ஆப் கொடுத்தார்கள். அதற்காகத் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தவளுக்கு இப்போது நாலு தோழிகள். தள்ளுபடி கிடக்கட்டும், மழை நாளில்கூடப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கிறாள். ஜிஎஸ்டி 18 சதவீதம் 2025 செப்டம்பர் 22-இலிருந்து இல்லாததால் பிரீமியமும் கொஞ்சம் இறங்கியது.

பாலிசிக்கு என் மார்க் அஞ்சுக்கு மூணு. எடுப்பவர்கள் கோ-பே பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.