லிஃப்ட் இல்லாத மாடியில நரம்பு டெஸ்ட்

பழைய வண்ணாரப்பேட்டையில ஜாக்கெட் தைக்கிறவ நான். 26 வருஷமா இதே வேலை. போன தீபாவளி சீசன்ல ஹூக் கட்ட உக்காந்தா, ஊசி விரல்ல இருக்கா கீழ விழுந்துச்சான்னே தெரியல. ஒரு ஜாக்கெட்டுல அஞ்சு ஹூக்கும் அஞ்சு திசையைப் பாத்துச்சு. மாடிப்படி இறங்கினா காலும் பின்னிக்கும். சுகர் இருக்கறதால காலுக்கு அதுதான் காரணம்னு நானே முடிவு பண்ணிட்டேன். கைக்கு மட்டும் தெரு முனை டாக்டர்கிட்ட போனேன். "நாள் பூரா கத்திரி பிடிக்கிறீங்க, மணிக்கட்டுல நரம்பு அழுந்துது"ன்னு சொல்லி, நரம்பு டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

ராயபுரம் பக்கம் ஒரு சென்டர். பேரு வேணாம். ரெண்டு கை ரெண்டு கால் சேத்து 2,800 ரூபாய். சென்டர் ரெண்டாவது மாடியில, லிஃப்ட் கிடையாது. நரம்பு டெஸ்ட்டுக்கு வர்றவன் நல்லா நடக்கறவனா இருப்பான்னு யார் சொன்னாங்களோ! நான் கைப்பிடியைக் கட்டிப்பிடிச்சுதான் ஏறினேன். ஒரு நட்சத்திரம் அங்கயே போச்சு.

டெஸ்ட் எடுத்த பொண்ணுக்கு மட்டும் முழு மார்க். கையைத் தொட்டதும், "அக்கா, கை சில்லுன்னு இருக்கே"ன்னு ஏசியை நிறுத்திட்டு வெந்நீர்ப் பையைக் கையில வெச்சா. தோல் 32 டிகிரியாவது இருக்கணுமாம். குளிர்ந்த கையில சிக்னல் மெதுவா ஓடி, இல்லாத வியாதியைக் காட்டுமாம். அவசரப்பட்டு எடுத்து அனுப்பியிருந்தா எனக்குத் தெரியவா போகுது?

கட்டை விரல் சதையில ஒரு ஸ்டிக்கர், மணிக்கட்டுல கரன்ட். ஈரக் கையோட மிக்சி பிளக்கைத் தொட்ட மாதிரி சுள்ளுன்னு ஒரு அடி, கட்டை விரல் என்னைக் கேக்காம துள்ளுது. அப்புறம் அதே நரம்புக்கு முழங்கையில ஒரு அடி. நடுவுல இருக்கற தூரத்தை டேப் வெச்சு அளக்கறா. நானும் நாள் பூரா டேப் பிடிக்கிறவதானே, பாத்துட்டே இருந்தேன். தூரத்தை நேரத்தால வகுத்தா வேகம் வந்துடும். கையில நொடிக்கு 50 மீட்டருக்கு மேல ஓடினா நல்ல நரம்பாம். கால்ல கணுக்கால், முழங்கால் மடிப்புன்னு அடிச்சா. வலிச்சது, ஆனா தாங்க முடியாத வலி இல்ல. மொத்தம் முக்கால் மணி நேரம்.

ரிப்போர்ட்ல வலது மணிக்கட்டுல லேசான அழுத்தம், மத்ததெல்லாம் நார்மல். அதைக் கவர்ல போட்டுக் கொடுத்தாங்களே தவிர, ஒரு வார்த்தை விளக்கம் இல்ல. இன்னொரு நட்சத்திரம் காலி. தெரு முனை டாக்டர் மணிக்கட்டுல ஆபரேஷன் பண்ணிடலாம்னார். வீட்டுக்காரர்தான் எதுக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில காட்டலாம்னு இழுத்துட்டுப் போனார்.

அங்க டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "மணிக்கட்டுல அழுந்தினா கால் ஏம்மா பின்னுது?"ன்னார். சுகர்னு சொன்னேன். "சுகர் நரம்பைத் தின்னிருந்தா கால்ல தெரிஞ்சிருக்குமே, கால்தான் சுத்தமா நார்மலா இருக்கே"ன்னார். என் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார், கட்டை விரல் தானா உள்ள மடங்குச்சு. முழங்கால்ல சுத்தியல் பட்டதும் கால் எகிறி அவர் மேசையில இடிச்சது.

ரெண்டும் தண்டுவடம் அழுந்தறதோட அறிகுறியா இருக்கலாமாம். எம்ஆர்ஐ எடுத்தா, கழுத்துல அஞ்சாவது ஆறாவது எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கி தண்டுவடத்தை நசுக்குது. அப்ப நரம்பு டெஸ்ட்ல ஏன் தெரியலன்னு கேட்டேன். அது கை கால்ல ஓடற நரம்பைத்தான் அளக்குமாம், தண்டுவடத்துக்குள்ள பாக்காதாம். உணர்ச்சி நரம்பை உயிரோட வெச்சிருக்கற செல் முடிச்சு தண்டுவடத்துக்கு வெளிய இருக்கறதால, உள்ள நசுங்கினாலும் வெளிய ஓடற நரம்பு சாகாம, டெஸ்ட்ல நல்லாவே காட்டுமாம். 2,800 ரூபாய் தண்டம்னு வீட்டுக்காரர் முனகினார். எனக்கு அப்படித் தோணல. காலுக்குச் சுகர் காரணமில்லன்னு அந்த ரிப்போர்ட் சொன்னதாலதானே டாக்டர் கழுத்துப் பக்கம் பாத்தார்?

அஞ்சுக்கு மூணு. போறவங்க அன்னிக்கு எண்ணெய், கிரீம் தடவாதீங்க. பேஸ்மேக்கர் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. பொம்பளைங்க இறுக்கமான கை வெச்ச ஜாக்கெட் போடாதீங்க, முழங்கைக்கு மேலயும் கரன்ட் வைப்பாங்க. நான் தைச்ச கை மேல ஏறவே இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட கத்திரி வாங்கி, என் தையலை நானே பிரிச்சேன்.