சூட்டில் தளர்ந்த செல்ஃப் மோட்டார்: கோவையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை

மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள இந்தப் பட்டறைக்கு நான் வருவதற்குள் என் காரை வேறு இரண்டு இடங்களில் காட்டியிருந்தேன். 14 ஆண்டுகள் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி அது. காலையில் சாவியைத் திருப்பிய உடனே எஞ்சின் எடுத்துவிடும். பொள்ளாச்சி வரை 40 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, அணைத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால் மட்டும் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். முதல் இடத்தில் பேட்டரியை மாற்றினார்கள். குறை அப்படியே இருந்தது. இரண்டாம் இடத்தில் செல்ஃப் மோட்டாரையே புதிதாகப் போட ரூ. 7,500 கேட்டார்கள். இரண்டு இடத்திலும் வண்டி ஆறிய பிறகுதான் பார்க்கப்பட்டது; மீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லை.

இங்கே நடந்தது வேறு. எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, எவ்வளவு தூரம் ஓட்டினால் வருகிறது, அணைத்து எத்தனை நிமிடம் கழித்து வருகிறது, முழுதும் ஆறினால் தானாகச் சரியாகிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு ஆஃப் பண்ணாம நேரா கொண்டு வாங்க சார், சூடு ஆறிப்போச்சுன்னா ஒண்ணும் தெரியாதுங்க" என்று திருப்பி அனுப்பினார். அப்போது சற்று எரிச்சலாக இருந்தது என்றாலும், முழு வேலையிலும் சரியான முதல் அடி அதுதான் என்பதை இப்போது உணர்கிறேன். சூட்டில் எண்ணெய் இளகிவிடுவதால் எஞ்சின் எளிதாகவே சுற்ற வேண்டும். அதற்கு மாறாக மெதுவாகச் சுற்றுகிறது என்றால், குறை சூடாகும்போது மட்டும் வெளிப்படுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. வண்டியை அணைத்ததும் ரேடியேட்டர் நீரின் ஓட்டமும் முன்னால் இருந்து வரும் காற்றும் நின்றுவிடுவதால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சைலன்சர் மேனிபோல்டின் வெப்பம் அருகில் உள்ள செல்ஃப் மோட்டாரில் போய்ச் சேருகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது இருந்ததைவிட, அணைத்துப் பத்து இருபது நிமிடங்களில்தான் அது அதிகம் சூடாகும்.

வண்டி சூடாகத் திரும்பியதும் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டார். எஞ்சின் எடுக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றினால்தான் நிதானமாக அளக்க முடியும். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்ற விடவில்லை. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது, சுற்றும்போது 10.4-க்கு இறங்கியது. 9.6-க்குக் கீழே போகாத வரை பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். நான் தேவையின்றிப் பணம் கொடுத்து மாற்றிய பொருள் எது என்பது அந்த ஒரே எண்ணில் தெரிந்துபோனது.

அடுத்து அவர் செய்த சோதனைக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கிறேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் (மேலே மாட்டிய டெர்மினலில் அல்ல, கம்பத்திலேயே) மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் சுற்றச் சொன்னார். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் அந்த வழியில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இழப்பு 0.9 காட்டியது. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை 0.3 மட்டுமே இருந்ததால், அந்தப் பக்கத்தில் குறை இல்லை. கேபிளைக் கழற்றி ஓம் அளவில் (மின்தடையை மட்டும்) பார்த்திருந்தால் இது சிக்கியிருக்காது. சாதாரண மீட்டரால் பிரித்தறிய முடியாத மிகச் சிறிய மின்தடைகூட, 180 ஆம்பியர் பாயும்போது ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் எர்த் கேபிள் கியர்பாக்ஸில் சேரும் போல்ட்டின் அடியில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தன. சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய கேபிள் போட்டதும் இழப்பு 0.1 ஆனது.

பலர் இந்த இடத்தில் பில் போட்டிருப்பார்கள். இவர் கேபிளைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி மறுபடியும் சூட்டில் சுற்றச் சொன்னார். 210 ஆம்பியர் காட்டியது. மெதுவாகச் சுற்றி ஆம்பியர் குறைவாக இருந்தால் மின்பாதையில் எங்கோ தடை. மெதுவாகச் சுற்றி ஆம்பியர் கூடினால் மோட்டாருக்குள் உரசலோ ஷார்ட்டோ இருக்கிறது என்று விளக்கினார். கழற்றிப் பார்த்தபோது தண்டைத் தாங்கும் பின்பக்கப் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் காந்தத்தில் உரசிய தடம் பளபளவென்று தெரிந்தது. செம்புக் கம்பியின் மின்தடையும் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது கால் பங்குக்கு மேல் கூடிவிடுவதால், காலையில் இந்த உரசலையும் எர்த் இழப்பையும் சமாளித்த மோட்டார், வெயிலில் ஓடி வந்த பிறகு தோற்றுப்போயிருக்கிறது. புஷ்ஷும், ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றிய பிறகு, அதே சூட்டில் 140 ஆம்பியரில் சுறுசுறுப்பாகச் சுற்றியது. எர்த் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 1,850 ஆனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அளவு எடுப்பவர் ஒருவர்தான் என்பதால் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அளந்த எண்களைப் பில்லில் எழுதித் தருவதில்லை. மேலே உள்ளவை நானே பின்பக்கத்தில் குறித்துக்கொண்டவை. செய்த வேலைக்கு ஆறு மாதப் பொறுப்பு என்பதும் வாய்வார்த்தையாகவே சொல்லப்பட்டது. இவற்றைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. மேனிபோல்டுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு என் வண்டியில் இல்லை என்பதை இரண்டு வாரம் கழித்து நானேதான் கவனித்தேன். மோட்டாரைக் கழற்றி மாட்டியவர் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதும் வரச் சொல்லி, கூலி வாங்காமல் பழைய தகடு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்.

அதன் பிறகு மே மாத வெயிலில் நான்கு முறை பொள்ளாச்சி போய் வந்துவிட்டேன். கால் மணி நேர நிறுத்தத்துக்குப் பிறகும் காலையில் எடுப்பதைப் போலவே எடுக்கிறது. இதே குறையோடு இங்கே வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள், எஞ்சினை அணைக்காமல் வந்து சேருங்கள்.