இணுவில் செம்மண்ணும் லண்டன் வக்யூமும்: ஐந்து வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் கார்ப்பெற் ஒட்டுகிறவன் ஒன்றில் வெளிநாட்டுக் காசுக்காரன், இல்லாவிட்டால் விசரன் என்று பக்கத்து வீட்டு மாஸ்டர் சொல்வார். எங்களிடம் வெளிநாட்டுக் காசு இல்லை, ஆகவே நாங்கள் எந்த வகை என்பதை அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். உண்மைக் காரணம் வீணை. மனைவி மேல்மாடி அறையில் வீணை வகுப்பு வைத்திருக்கிறார். சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமுமாக இருந்த அந்த அறையில் நாலு வீணையை ஒன்றாக மீட்டினால் கிணற்றுக்குள் கத்தியது மாதிரி இருந்தது. யன்னலுக்குத் தடித்த திரை போட்டோம், கொஞ்சம் குறைந்தது. நிலத்துக்குக் கார்ப்பெற் ஒட்டினோம், மிச்சமும் அடங்கியது. பிறகுதான் தூசிப் பிரச்சினை தொடங்கியது.

எங்கள் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே கிடக்கிற வலிகாமத்துச் செம்மண், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தங்கம், வெள்ளை வேட்டிக்கும் கார்ப்பெற்றுக்கும் எமன். சோழகக் காற்று தொடங்கினால் யன்னலைச் சாத்தி வைத்தாலும் எந்த இடுக்கால் வருகிறதென்று தெரியாமல் வரும், மாவிலும் நைசாக. மாரியில் காற்று விட்டாலும் பிள்ளைகளின் கால் விடாது, சனி ஞாயிறு என்று இருபது பிள்ளைகள் வந்து போகிற இடம். முன்பு கட்டாரில் இருந்து தம்பி கொண்டு வந்த சின்ன விரிப்பு என்றால் கொடியில் போட்டுத் தென்னம் மட்டையால் நாலு அடி அடித்து எடுக்கலாம். ஒட்டிய கார்ப்பெற்றை எங்கே கொண்டு போய் அடிப்பது? தும்புத்தடியால் கூட்டினால் இந்த மூலைத் தூசி அந்த மூலைக்குப் போகும், கொஞ்சம் காற்றில் நிற்கும், அது போதும், கீழே அம்மாவுக்குத் தொய்வு, அதுதான் மூச்சிழுப்பு, தொடங்கிவிடும்.

2020 தை மாதம் லண்டனில் இருந்து மச்சாள் கப்பல் பொதியில் ஒரு வக்யூம் கிளீனர் அனுப்பினார், நிமிர்ந்து நிற்கிற வகை. அவர் வக்யூம் என்று சொல்லவே மாட்டார், 'ஹூவர் பண்ணிப்போட்டு வாறன்' என்பார், அங்கே கம்பனிப் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. (அனுப்பியது அந்தக் கம்பனியின் மெசினும் இல்லை.) இந்த வகை வந்த கதையும் சுவாரசியமானது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் கட்டடம் துப்புரவாக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, மூச்சிழுப்பு. ஒரு மின்விசிறி மோட்டாரையும் தும்புத்தடிப் பிடியையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு சாமானைக் கட்டி, 1908 இல் காப்புரிமை எடுத்தார். அதைத்தான் ஹூவர் குடும்பம் வாங்கியது. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, 'அப்ப அந்தாளுக்கும் தொய்வோ, பாவம்' என்றார். அதற்குப் பிறகுதான் மெசினில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அதுவரைக்கும், 'உது கத்திற கத்துக்கு நான் ரெண்டு தரம் கூட்டிப்போடுவன்' என்பதுதான் அவருடைய கருத்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வாட்ஸ். இங்கே கடையில் வக்யூம் கேட்டால் எடுத்துக் காட்டுகிறவர் முதலில் சொல்வது 1600 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்றுதான். என்னுடையது 750 வாட்ஸ். பெட்டியைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்ததும் மச்சாள் மலிவாகப் பார்த்து வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அது என் அறியாமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இல் 1600 வாட்ஸ், 2017 புரட்டாதியில் இருந்து 900 வாட்ஸ் என்று கட்டுப்பாடு கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குமேல் மின்சாரம் தின்கிற வக்யூமை அங்கே சந்தைக்கு விட முடியாது. வாட்ஸ் என்பது மோட்டார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்ற கணக்குத்தான், எவ்வளவு தூசி எடுக்கிறது என்ற கணக்கு இல்லை.

மாஸ்டரிடம் 2000 வாட்ஸ் டிரம் வகை ஒன்று இருக்கிறது, நீளக் குழாய், முனையில் வெறும் தட்டை வாய். ஒரு நாள் இரண்டையும் ஒரே கார்ப்பெற்றில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் அவருடையது, பத்து நிமிடம், அவரே ஓட்டினார், நன்றாக அழுத்தி. பிறகு அதே இடத்தில் நான். என்னுடைய தூசிக் கிண்ணத்தில் இன்னொரு கைப்பிடி செம்மண் வந்தது. மாஸ்டர் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்தார். காரணம் அடியில் சுழல்கிற பிரஷ். கார்ப்பெற்றின் இழைகளை அது தட்டி விரித்து, அடியில் உட்கார்ந்த மண்ணைக் கிளப்பிக் கொடுக்கிறது, காற்று அதை இழுத்துக்கொள்கிறது. வெறும் இழுவை மட்டும் இருந்தால் மேலே கிடக்கிறதுதான் வரும். ஆகவே கார்ப்பெற்றுக்கு என்றால் மோட்டாரால் சுழல்கிற பிரஷ் வேண்டும், அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. இன்னொன்று, அவசரப்பட்டுத் தள்ளி இழுத்தால் பாதிதான் வரும், பின்னால் இழுக்கும்போது மெதுவாக இழுக்க வேண்டும், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது.

ஆனால் அதே பிரஷ் மாபிள் நிலத்தில் எதிரி. கீழே ஹோலில் முதல் நாள் ஓட்டியபோது விறாந்தையால் வந்த மணலை அது உள்ளே இழுக்காமல் பின்னால் என் காலில் வாரி அடித்தது, குறுணி அரிசி என்றால் சுவரில் போய்ப் படும். நல்லவேளை இந்த மெசினில் பிரஷை மட்டும் நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது. கார்ப்பெற்றும் வெறும் நிலமும் இரண்டும் உள்ள வீட்டுக்கு வாங்குகிறீர்கள் என்றால் நிறம், விலை எல்லாம் பிறகு, முதலில் அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் மெசினைப் போட்டால் பிரஷும் சுற்றியே தீரும். அப்படியானதை இங்கே வாங்கி ஒரு பிரயோசனமும் இல்லை. சாமி அறையில் பழைய சிவப்புச் சீமெந்து நிலம், பொலிஷ் போட்டது, அதில் ஒரு தரம் மறந்துபோய் பிரஷோடு ஓட்டி, பிரஷ் மயிரெல்லாம் சிவப்பாகிவிட்டது. பனையோலைப் பாயில் ஓட்டினால் ஓலை பிய்ந்து வரும். விரிப்பின் குஞ்சத்தை விழுங்கி நின்ற கதையும் உண்டு, தம்பிக்கு இன்னும் தெரியாது.

உண்மையைச் சொன்னால் கீழ் வீட்டுக்கு இப்போதும் தும்புத்தடிதான். பரும் மணலைக் கூட்டி அள்ளிவிட்டு, கதிரைக் கால் இடுக்கு, கட்டிலுக்குக் கீழே, யன்னல் ஓரம் என்று நைஸ் தூசிக்கு மட்டும் வக்யூம். மணலோடு மெசினை உருட்டினால் சில்லுக்குள் அகப்பட்ட மணல் மாபிளில் கோடு போடும், எங்கள் ஹோலில் இரண்டு கோடு இருக்கிறது.

முடி ஒரு தனிக் கதை. வீணை படிக்க வருகிற பெண் பிள்ளைகளின் நீள முடி, சீலை நூல், நவராத்திரிக்குப் பூமாலையில் இருந்து விழுகிற வாழைநார், எல்லாம் பிரஷில் சுற்றி இறுகிக் கயிறாகிவிடும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மெசினைப் பிளக்கில் இருந்து கழற்றி, கவிழ்த்து வைத்து, கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுக்கிறேன். விட்டால் பிரஷ் இறுகும், பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகின மணம் வரும். அந்த மணத்தை முதல் தரம் அலட்சியம் செய்தேன், பெல்ட் அறுந்தது.

விபூதி அதிலும் மோசம். முதல் வருடம் விஜயதசமி முடிந்து கார்ப்பெற்றில் கொட்டின விபூதியையும் ஊதுபத்திச் சாம்பலையும் யோசிக்காமல் இழுத்தேன். பின்பக்கத்தால் வெள்ளைப் புகையாக வந்தது. பில்டர் முற்றாக அடைத்து, மோட்டார் சூடாகித் தானே நின்றுவிட்டது. எரிந்துபோயிற்று என்று பதறினேன். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, அடைப்பை எடுத்துவிட்டு ஆற விட்டால் திரும்ப ஓடும். சாம்பல், விபூதி, சீமெந்துத் தூள், இவற்றை ஈரச்சீலையால் ஒற்றி எடுங்கள், வீட்டு வக்யூமுக்குக் கொடுக்காதீர்கள்.

பில்டர் கழுவுவதில் எங்கள் ஊருக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது, எந்தக் கையேட்டிலும் இராது. மாதம் ஒரு தரம் கழுவிக் காய வைக்கச் சொல்லியிருந்தார்கள், நானும் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். ஏழெட்டு மாதத்தில் பில்டர் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது, இழுவையும் குறைந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லால் ஊறி வருகிறது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சாமான்தான் பில்டரிலும் படிந்திருக்கிறது. இப்போது முதலில் நிலத்தில் தட்டித் தூசி போக்கி, கிணற்றுத் தண்ணீரில் செம்மண் போகும் மட்டும் அலசி, கடைசியாகப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் ஒரு முக்கு. விறைப்பு வரவில்லை. காய வைப்பது சித்திரையில் ஒரு நாள் வேலை. கார்த்திகை மார்கழியில் இரண்டு நாள் போனாலும் உள்ளே ஈரம் நிற்கும், ஈரத்தோடு போட்டால் மெசின் முழுக்கப் பூஞ்சண மணம். ஆகவே மேலதிகமாக இன்னொரு பில்டர் வாங்கி வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

அம்மாவின் தொய்வைப் பற்றிக் கேட்பார்கள். மெசினின் கடைசி பில்டர் ஹெப்பா வகை, 0.3 மைக்ரோன் அளவான துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் ஹெப்பாவுக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு. அது பின்பக்கக் காற்றுக்குச் சரி. ஆனால் கிண்ணத்தைத் திறந்து கொட்டும்போது பிடித்ததில் ஒரு பங்கு திரும்ப எழும்பும், அதற்கு எந்த பில்டரும் காவல் இல்லை. வளவின் மூலைக்குக் கொண்டு போய், காற்று என் முதுகில் படும்படி நின்று, தாழ்த்திப் பிடித்துக் கொட்டுகிறேன். சோழகத்துக்கு எதிரே நின்று கொட்டிய அன்று என் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் முடியவில்லை. பை வைத்த மெசின் என்றால் பையோடு கழற்றி எறியலாம், தொய்வுக்காரர் உள்ள வீட்டுக்கு அதுதான் திறம். ஆனால் பை தீர்ந்தால் இங்கே எங்கே தேடுவது? அந்த ஒரு காரணத்துக்காகவே கிண்ணம் வைத்ததை ஏற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு இழுப்பு முழுதாக நிற்கவில்லை, மேலே கூட்டுகிற நாளில் வருகிறது மட்டும் நின்றிருக்கிறது.

உதிரிப்பாகம் என்றதும் பெல்ட் ஞாபகம் வருகிறது. அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கொழும்பில் இருந்து எடுத்துத் தருகிறோம் என்றார்கள். மூன்று கிழமை கழித்து வந்தது வேறு மெசினின் பெல்ட், முற்பணத்தைத் திருப்பி வாங்க இரண்டு தரம் அலைந்தேன். கடைசியில் மச்சாள் கடித உறைக்குள் மூன்று பெல்ட் வைத்து அனுப்பினார். வெளியில் இருந்து மெசின் எடுப்பித்தால் இரண்டு பெல்ட்டும் ஒரு பில்டரும் அதே பெட்டிக்குள் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், பிறகு கெஞ்சத் தேவையில்லை.

எடுப்பிக்கிறது லண்டனில் இருந்தா கனடாவில் இருந்தா என்பதும் முக்கியம். லண்டன் மெசின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்கும் எங்கள் 13 அம்பியர் சதுரக் கால்தான், பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே போடலாம். கனடாவில் 120 வோல்ட். கோண்டாவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கனடாச் சித்தி ஆசையாகக் கொண்டு வந்த மெசின் ஒரே ஒரு செக்கன் ஓடியது. டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அந்த அளவுக்குத் தாங்குகிறது பாரமாகவும் விலையாகவும் இருக்கும். அதோடு பழைய வீட்டு 5 அம்பியர் உருண்டைக் கால் பிளக்கில் மாஸ்டருடைய 2000 வாட்ஸைக் கொழுவினால் கணக்குப்படி 8.7 அம்பியர் இழுக்கும். அவருடைய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று அப்படித்தான் உருகியது. என்னுடையதற்கு மூன்றரைக்குள் அடங்குகிறது.

குறை இன்னும் உண்டு. ஏழு கிலோ, மாடிப்படியால் ஏற்றி இறக்க அம்மாவாலோ மனைவியாலோ முடியாது, ஆகவே அது மேலேயே குடியிருக்கிறது, கீழே தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். படிக்கட்டுக்கு உதவாது. அலுமாரிக்குக் கீழே தலை போகாது. வீட்டில் கார்ப்பெற் இல்லாதவர்கள் இந்த வகையை வாங்கவே தேவையில்லை, நல்ல தும்புத்தடியும் ஈரச்சீலையும் போதும், இல்லையென்றால் டிரம் வகையில் சின்னது ஒன்று. எனக்குக் கார்ப்பெற் இருக்கும் மட்டும் இதைவிட்டு வேறு வழியில்லை.

இப்போது மெசினின் நிலை: கைப்பிடிக் கொக்கி உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறது, பிரஷ் மயிர் பாதி தேய்ந்துவிட்டது, மோட்டார் சத்தம் மாறவில்லை. மூன்றில் ஒரு பெல்ட் இன்னும் லாச்சியில் கிடக்கிறது. புதுப் பிரஷ் கேட்டு மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆவணியில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வருவதாகச் சொன்னார்.