மூன்று வார லீவில் நாய்க்கு டாக்டர்: வேலூர் நிலவரம்

அப்பா அம்மா காட்பாடியில், பிள்ளைகள் துபாயிலோ டொராண்டோவிலோ, நடுவில் முப்பது கிலோ லேப்ரடார் ஒன்று. இப்படிப்பட்ட வீட்டுக்கு லீவில் வருபவர்கள் முதல் வாரமே நாய் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளினால், பிளட் டெஸ்ட் ரிசல்ட் வரும்போது ஏர்போர்ட்டில் நிற்பீர்கள்.

செவ்வாய்தோறும் பொய்கையில் மாட்டுச் சந்தை கூடும் வட்டாரம் இது. அரசு கால்நடை மருத்துவமனைக்குப் பசுவும் ஆடும்தான் அதிகம் வரும். வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து போன்றவற்றுக்கு அங்கே தாராளமாகப் போகலாம், செலவு குறைவு. ராத்திரி ட்ரிப்ஸ், ஸ்கேன் என்றால் தனியார்தான். அதற்கும் மேலே போனால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, சுமார் 140 கிலோமீட்டர். 1962-க்குப் போன் செய்தால் வரும் வண்டி முக்கியமாகக் கிராமத்து மாடு ஆடுகளுக்கானது. அதை நம்பி நாயை வைத்திருக்க முடியாது.

தனியார் டாக்டரிடம் ஃபீஸைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை உண்டு. ராத்திரி போனை எடுப்பது யார்? வீட்டுக்கு வருவாரா? மருந்துச் சீட்டில் பெயரும் அளவும் எழுதித் தருவாரா? ஊசி மட்டும் போட்டு அனுப்பினால், அடுத்த டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். தடுப்பூசியைப் பெட் ஷாப்பில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. கரண்ட் போய் வந்த ஃபிரிட்ஜில் வீரியம் போயிருந்தாலும் பார்த்தால் தெரியாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டரின் பதிவு எண்ணும் கார்டில் இருக்கட்டும்.

இங்கே பெரிய செலவு உண்ணிக் காய்ச்சலில்தான். நாய் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம்கூட வரலாம். பிளேட்லெட் கணக்கோடு, ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். பபீசியா என்றால் அது மட்டும் போதாது, வேறு மருந்து வேண்டும். டாக்ஸிசைக்ளின் வழக்கமாகக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். முப்பது கிலோ நாய்க்குத் தினம் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் மூன்று, மொத்தம் 84. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சோற்றோடு கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் எழுந்து வாலாட்டியதும் "சரியாயிடுச்சுப்பா" என்று அம்மா நிறுத்திவிடுவார். அங்கேதான் நோய் திரும்பும். மாத்திரை மலிவு; டெஸ்ட், ட்ரிப்ஸ், கார் வாடகைதான் பணத்தைத் தின்னும்.

அதனால் உண்ணி மாத்திரைக்கு வருஷக் கணக்குப் போட்டு வைப்பது லாபம். உண்ணியைக் கொல்லும் ஃப்ளூரலானர் மருந்து ஒரு மாத்திரை 12 வாரம் தாங்கும். வருஷத்துக்கு நாலு, சில வருஷம் ஐந்து. 20 முதல் 40 கிலோ வரை ஒரே அளவு. இருந்தாலும் குத்துமதிப்பாக வாங்காமல் எடை போடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். உண்ணி முட்டையிடுவது நாய் மேல் இல்லை. காம்பவுண்டுச் சுவர் விரிசலிலும் மாடிப்படிக்கு அடியிலும்தான். அங்கே சுத்தம் செய்யாமல் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பிரயோஜனமில்லை. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்க்குத் தெளிக்கும் பழக்கமும் உண்டு; வீட்டில் பூனை இருந்தால் அந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

வருஷ ஊசி, உண்ணி மாத்திரை இரண்டும் தெரிந்த செலவு. அவசரத்துக்கு ஒரு தொகையைத் தனியாக அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். வேப்பேரிக்கு ஒரு முறை போய்வரும் கார் வாடகையும் அதில் அடங்க வேண்டும். நாயை ஏற்ற ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள். சம்மதிக்கும் டிரைவர் ஒருவரை இப்போதே பேசி, அவர் நம்பரையும் டாக்டர் நம்பரையும் பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.