இங்கிலாந்தின் தத்தெடுப்புச் சேவை: இனம் பற்றிய கேள்வி எந்தக் கட்டத்தில் வருகிறது?

தத்தெடுக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களின் பயம் ஒன்றுதான்: 'உங்கள் நிறத்துக்கு ஏற்ற குழந்தை எங்களிடம் இல்லை' என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே முடித்துவிடுவார்களோ? இங்கிலாந்தில் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குழந்தையின் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றுக்கு உரிய கவனம் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு, குழந்தைகள் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. ஒரே இனக் குடும்பத்தைத் தேடித் தேடியே கறுப்பினக் குழந்தைகளைக் காக்க வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழ, 2014இல் அந்த வரியை இங்கிலாந்துக்கு மட்டும் எடுத்தார்கள். வேல்ஸில் இன்றும் இருக்கிறது.

ஆனால் இனம் சட்டத்தை விட்டே போய்விடவில்லை. குழந்தையின் நலனை எடைபோடும் பட்டியலில் வயது, பால் ஆகியவற்றோடு 'பின்னணி' என்ற சொல்லும் இருக்கிறது. சமூகப் பணியாளர் இனத்தைப் பேசுவது அதன் கீழ்தான். எங்கள் கணிப்பில் இதுவே சரியான ஏற்பாடு. யார் விண்ணப்பிக்கலாம் என்பதை இனம் தீர்மானிக்கக் கூடாது. குழந்தைக்கு என்ன தேவை என்று பார்க்கும்போது அதை மறைக்கவும் கூடாது.

நடைமுறை எப்போதும் சட்டத்தைப் பின்பற்றுவதில்லை. வெள்ளையினக் குழந்தைகளே இருப்பதால் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட, பிரிட்டனில் பிறந்த இந்திய வம்சாவளித் தம்பதி வழக்குத் தொடர்ந்தார்கள். இது இனப் பாகுபாடுதான் என்று 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு ஏறத்தாழ 1,20,000 பவுண்டு. உங்களுக்கும் அப்படிச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை இரண்டு கட்டமாக ஆராய்வார்கள். இரண்டாம் கட்டம் முடிந்து மறுக்கப்பட்டால் 40 வேலை நாளுக்குள் தனி மறுஆய்வு அமைப்புக்குப் போகலாம். வாசலிலேயே மறுத்தால் அந்த வழி இல்லை: கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பிடம் புகார், இல்லையேல் 6 மாதத்துக்குள் சமத்துவச் சட்டத்தின்கீழ் வழக்கு. இந்த வேறுபாடு தெரியாமல் காலக்கெடுவைத் தவறவிடுவது சுலபம்.

முதல் கட்டம் 2 மாதம்: காவல்துறைப் பதிவுச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, பரிந்துரையாளர்கள். இதில் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் கட்டம் 4 மாதம். இனம் பற்றிய உண்மையான பேச்சு இங்கேதான். 'நாங்கள் நிறம் பார்ப்பதில்லை' என்பது நல்ல பதில் மாதிரித் தோன்றும்; உண்மையில் பலவீனமான பதில். பள்ளியில் குழந்தையை இனச்சொல்லால் திட்டினால் யாரிடம், எப்படிப் புகார் செய்வீர்கள்? குழந்தையைப் போன்ற முகங்கள் உங்கள் வட்டத்தில் உண்டா? 'நல்ல கலர்', 'கொஞ்சம் கறுப்பு' என்று சாதாரணமாகப் பேசும் தாத்தா பாட்டியிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்? இதற்கெல்லாம் திட்டவட்டமான பதில் வேண்டும்.

குழந்தையைப் பொருத்தும்போது தரும் அறிக்கையை வரி விடாமல் படியுங்கள். 'ஆசியர்', 'கலப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. வங்காளி, பஞ்சாபி, தமிழர் எல்லாரும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுவார்கள். பெற்ற தந்தையின் மொழியும் ஊரும் தெரியுமா என்று கேளுங்கள். பின்னாளில் குழந்தை கேட்கப்போவது அதைத்தான். குழந்தையின் பிறப்புப் பின்னணியை அதற்கே சொல்லும் வாழ்க்கைக் கதைப் புத்தகத்திலும் அது இடம்பெற வேண்டும்.

உடல்நல விஷயத்தில் சேவை தானாக நினைவூட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். கருமையான தோலுள்ள குழந்தைகளுக்கு முதுகிலும் இடுப்பிலும் சாம்பல்நீலப் பிறவித் திட்டுகள் இருக்கலாம். குழந்தையின் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தில் அவற்றைப் பதிவுசெய்யாவிட்டால், அடிபட்ட காயம் என்று நர்சரி சந்தேகித்துக் குழந்தைப் பாதுகாப்பு விசாரணை வரை போகலாம். பிறந்த 5ஆம் நாள் குதிகாலில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் நோயும் அடங்கும். அந்த முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தையின் சுருள்முடியைத் தினமும் அலசினால் வறண்டு ஒடியும். ஈரம் காக்கும் க்ரீம், அகலப்பல் சீப்பு, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கும் பழக்கம் ஆகியவற்றைக் குழந்தை வருமுன் அதைத் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பாளரிடமே கற்றுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1994இல் வந்து 1996இல் இறுக்கப்பட்ட சட்டப்படி, இனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையை ஒப்படைக்கத் தாமதித்தாலோ மறுத்தாலோ வளர்ப்புப் பராமரிப்புக்கும் தத்தெடுப்புக்கும் மாநிலம் பெறும் கூட்டரசு நிதியில் 2 முதல் 5 சதவீதம் வெட்டு விழும். அபராதத்துக்கு அஞ்சிப் பணியாளர்கள் இனத்துக்கான ஆயத்தப் பயிற்சியைக்கூடத் தவிர்ப்பது பெரும் குறை. பூர்வகுடிக் குழந்தைகளுக்கு மட்டும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் உறவினருக்கும் சொந்தப் பழங்குடிக்கும் முன்னுரிமை தருகிறது. அந்தச் சட்டம் செல்லும் என 2023இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்துச் சேவைக்கு 5க்கு 3 தருகிறோம். சட்டம் தெளிவு, பயிற்சியின் தரம் முகமைக்கு முகமை மாறுகிறது. குழந்தை வந்து 10 வாரம் கழித்துத்தான் நீதிமன்றத்தின் தத்து ஆணைக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குள் இனம், மொழி சார்ந்த உதவிகளை ஆதரவுத் திட்டத்தில் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். ஆணை வந்த 3 ஆண்டு வரை உதவித் தேவையை மதிப்பிடுவது குழந்தையை ஒப்படைத்த கவுன்சிலின் பொறுப்பு. அதன்பின் நீங்கள் வசிக்கும் பகுதியின் கவுன்சிலிடம் கேட்க வேண்டும்.